ஒன்று பெரிதா, ஆறு பெரிதா?

“எனக்குத் தெரியாது” என்று அவ்வளவு சத்தமாகச் சொன்ன ஒரு மனுஷியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பள்ளி மண்டபத்தில் முதலாம் ஆண்டுப் பெற்றோருக்கான கூட்டம். தலைமையாசிரியர் வெகுநேரம் பேசினார். மதிப்பீடு என்றார், அடைவுநிலை என்றார், பெற்றோரின் பங்களிப்பு என்றார். இடையிடையே மலாயில் பெரிய பெரிய சொற்களாகப் போட்டார். நாங்கள் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன். “ஏதும் கேள்வி இருக்குங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் மைக்கைக் கீழே வைக்கப் போனார். அப்போதுதான் என் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை மேலே போனது.

எதிர்வீட்டு அக்காவின் கை. ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, அப்போதுதான் கழுவிய முகத்தில் ஈரம், மேலெல்லாம் தைல வாசம்.

“ஐயா, மன்னிச்சிக்குங்க. நீங்க பேசுனதுல பாதி எனக்கு வெளங்கல. பங்களிப்பு பங்களிப்புன்னீங்க. அதுக்கு நான் வீட்டுல என்னா செய்யணும்? எனக்குத் தெரியாது லா. நான் புதுமுக வகுப்போட நின்னவ.”

புதுமுக வகுப்பு என்றால், தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகளை இடைநிலைப் பள்ளிக்குள் விடுவதற்கு முன்னால் ஓராண்டு வைத்து மலாய் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. அதோடு நின்றுபோனவர்கள் அந்த மண்டபத்தில் இன்னும் சிலராவது இருந்திருப்பார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டவர் அவர், வியர்த்தது எனக்கு. இவர் என் எதிர்வீடு என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“தினமும் கொஞ்ச நேரம் பிள்ள பக்கத்துல உக்காருங்கம்மா. இன்னைக்கு என்னா படிச்சேன்னு கேளுங்க. அவன் சொல்றத காதுகுடுத்துக் கேளுங்க. அதான்.”

“அவ்ளோதானா? அத மொதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கலாமே.”

மண்டபமே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் பாதியில் நின்றவள். அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக்கடையில் வேலை. புடவை மடிக்கச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். வங்கியில், கிளினிக்கில், பள்ளியில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் நானும் சிரிப்பேன், முகம் சுளித்தால் நானும் சுளிப்பேன். வெளியே வந்த பிறகுதான், என்ன சொன்னார்கள், நாம் எதற்குத் தலையாட்டிவிட்டு வந்தோம் என்று யோசிக்கத் தொடங்குவேன். கவலைப்படுவதில் எனக்கு ஈடு கிடையாது. மழை பெய்தால் பள்ளி வேனை நினைத்துக் கவலை. வெயில் அடித்தால் பிள்ளை தண்ணீர் குடித்தாளா என்று கவலை. பள்ளியிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் மனம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பிவிடும். மகள் கவிஷா பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு கவலை வந்து மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அவளும் என்னைப்போல ஆகிவிடக் கூடாது.

அப்படிப்பட்டவளுக்கு எதிர்வீட்டில் இப்படி ஒருவர். ஜார்ஜ்டவுனில் பழைய அடுக்குமாடி, ஒன்பதாவது தளம். நடுவில் நடைபாதை, அந்தப் பக்கம் அவர் கதவு, இந்தப் பக்கம் என் கதவு. அவர் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை என்பதால் பெரும்பாலும் அக்காவும் மகன் லோகேஷும்தான். லோகேஷும் கவிஷாவும் ஒரே வகுப்பு.

மாலையில் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து கீரை ஆய்வார். லோகேஷ் எதிரில் சம்மணம் போட்டு அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைச் சொல்வான். ஒருநாள் மிதக்கும் பொருள், மூழ்கும் பொருள் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, இரும்பு முழுகும்னு படிச்சோம். அப்ப ஃபெரி கப்பல் ஏன் முழுகல?”

“எனக்குத் தெரியாதே,” என்றார் அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கும் தெரியல, ஒனக்கும் தெரியல. யாரக் கேக்கலாம்?”

என் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? பையன் உள்ளே போனதும் எழுந்து போய்க் கேட்டேவிட்டேன்.

“என்னாக்கா, பையன்கிட்ட போயி தெரியாதுங்கறீங்க? நாளைக்கு ஒங்கள மதிப்பானா?”

“நீயா இருந்தா என்னா சொல்லுவ?”

“போயி படி, தொணதொணக்காதன்னு சொல்லுவேன்.”

“ஓ. அதுவும் நல்ல பதில்தான்,” என்று சிரித்தார். “கீர கொஞ்சம் தரட்டா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். இரண்டு வீடும் சேர்ந்து ஃபெரியில் போனோம். கடல் காற்றில் அக்காவிடமிருந்து தைல வாசம் வந்துகொண்டே இருந்தது. கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாதி வழியில் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றின் பக்கத்தில் நின்ற மலாய்க்கார ஊழியரிடம் நேராகப் போய் நின்றார். அவருடைய மலாய் என்னுடையதைவிட மோசம். பாதி வாயாலும் பாதி கையாலும் கேட்டார்: அண்ணே, இந்தக் கப்பல் இரும்புதானே, ஏன் முழுகவில்லை?

சுற்றுப்பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் கடல் இருந்தது, குதித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஊழியர் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தனக்குக் கயிறு கட்டத்தான் தெரியும் என்றார்.

“பாத்தியா லோகேசு, அவருக்கும் தெரியாதாம்!” என்று அக்கா பரிசு விழுந்ததுபோலக் கத்தினார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் லோகேஷ் அதையே ஆசிரியையிடம் கேட்டு ஒரு வேலையோடு வந்தான். நடைபாதையில் ஒரு பேசின் தண்ணீர். எவர்சில்வர் கரண்டி முழுகியது. அதே எவர்சில்வரில் செய்த டம்ளர் மிதந்தது. டம்ளருக்குள் ஒவ்வொன்றாகக் கல் போட்டுப் பார்த்தார்கள். “இரு, இரு, எனக்கு வெளங்கல, மறுபடி சொல்லு,” என்று அக்கா கேட்கக் கேட்க, பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினான். கவிஷாவும் ஓடிப்போய்க் கையை நனைத்தாள். மறுநாள் அவளுக்கு வாசிப்புச் சோதனை. நான் அவளை இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். புத்தகத்தைத் திறந்து வைத்ததும் கடகடவென்று ஒப்பித்தாள், ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நடைபாதையில் தண்ணீர்ச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. பாவம் அந்தப் பையன், விளையாடியே வீணாகப் போகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் ரிப்போர்ட் வந்தது.

ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக ஓர் எண், அதற்குப் பக்கத்தில் நீளநீளமாக விளக்கம். நான் எண்ணை மட்டும் பார்த்தேன். தமிழ் ஒன்று. மலாய் ஒன்று. கணிதம் இரண்டு. என் காலத்தில் ரிப்போர்ட்டில் எண் என்றால் வகுப்பில் எத்தனையாவதாக வந்தாய் என்பதுதான். நான் முப்பத்தெட்டுக்கு மேல் ஏறியதே இல்லை. கண் மங்கிவிட்டது. ஆசிரியை, “வீட்டுல இன்னும் கொஞ்சம் உக்காந்து பாருங்கம்மா,” என்றார். எல்லாரிடமும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “எம் மக நம்பர் ஒன்னாடீ!” என்றார். மறுநாளே ஒரு ரோஸ் நிறச் சைக்கிள் வந்து நடைபாதையில் நின்றது. நான் மாரியம்மன் கோயிலில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். கடையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். முதலாளியம்மா என் தோளைத் தட்டி, “அம்மா சூட்டிகை, அதான் பிள்ளையும்,” என்றார். அன்றைக்கு ஒருநாள் நான் எதற்குமே கவலைப்படவில்லை. வானம் கறுத்தபோதுகூட வேனை நினைக்கவில்லை.

மிச்ச லட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். லோகேஷுக்கு மூன்றும் நான்குமாக வந்திருப்பதைக் கவிஷா சொல்லியிருந்தாள்.

“பரவால்லக்கா, மனச விட்றாதீங்க. அடுத்த வாட்டி லோகேசும் ஒன்னுக்கு வந்துருவான். வேணும்னா கவிஷாவக் கூட உக்கார வைக்கிறேன்.”

அக்கா லட்டைப் பிட்டு வாயில் போட்டார். “ஒன்னுன்னா மொத எடமா?”

“பின்ன?”

“அப்பறம் ஏன் டீச்சர் லோகேசுக்கு நாலுன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க? எனக்குத் தெரியல லா. கேப்போம்.”

“வேணாங்க்கா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். ஆசிரியைக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அக்காவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வகுப்புப் பெற்றோரின் வாட்சாப் குழுவில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, வாய் நிறைய லட்டோடு பேசி அனுப்பினார்.

“டீச்சர், வணக்கம். ஒரு சந்தேகம். ரிப்போர்ட்டுல ஒன்னு பெருசா, ஆறு பெருசா?”

அன்று காலையிலிருந்து அந்தக் குழுவில் ஒரே கொண்டாட்டமாக இருந்தது. ஒருத்தி மகனின் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, ஒன்று என்ற எண்ணைச் சுற்றி இதயம் வரைந்து போட்டிருந்தாள். இன்னொருத்தி கிரீடம் போட்டிருந்தாள். நான் எல்லாருக்கும் கைதட்டு அனுப்பியிருந்தேன். அக்காவின் குரல் போய் விழுந்ததும் குழு அப்படியே அடங்கிப்போனது.

ஆசிரியையின் பதில் எழுத்தில் வந்தது. ஆறுதான் உயர்ந்தது அம்மா. இது வகுப்பில் பிடித்த இடம் இல்லை, ஏற வேண்டிய படி. ஒன்று என்றால் பிள்ளை முதல் படியிலேயே நிற்கிறது, நிறைய உதவி தேவைப்படுகிறது என்று பொருள்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். மறுபடியும் படித்தேன். கையிலிருந்த லட்டு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரையில் கிரீடம் மறைந்தது. இதயம் மறைந்தது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போனது. நீக்க முடியாதது என் வீட்டு வாசலில் ரோஸ் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

“அடியே…” என்று அக்கா என் கையைப் பிடிக்க வந்தார். நான் உதறிவிட்டு வந்து இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினேன்.

எனக்கு அவர்மேல்தான் கோபம். இந்தப் பொம்பளை கேட்காமல் இருந்திருந்தால் என் மகள் இன்னும் முதலிடத்தில் இருந்திருப்பாள் அல்லவா? அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் ஓடியது. ஆசிரியைதான் ஏதோ தப்பாகப் போட்டிருக்கிறார், என் பிள்ளை தடுக்காமல் வாசிப்பவளாயிற்றே என்று, தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கவிஷா முன்னால் பிரித்து வைத்தேன்.

வாசித்தாள். கடகடவென்று. எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஏனோ, அந்தப் பக்கத்தில் இருந்த மரத்தின் படத்தைக் கையால் மறைத்தேன்.

சத்தம் நின்றது.

படத்துக்குக் கீழே ‘மரம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தச் சொல்லை மட்டும் விரலால் காட்டி, “இது என்னா?” என்றேன். கவிஷா சொல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பதில் என் கண்ணில், என் உதட்டில் எங்கேயோ எழுதியிருப்பதுபோலத் தேடினாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் மெல்லத் தலையாட்டினாள். எல்லாம் தெரிந்த மாதிரி, சிரித்துக்கொண்டே.

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். வங்கியில், கிளினிக்கில், பள்ளி மண்டபத்தில் நான் ஆட்டுவது அதுதான். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே! எப்போது கற்றுக்கொண்டாள்? பக்கத்தில் வேறொருவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, படத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாகப் புத்தகத்தையே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அம்மா,” என்றாள் கவிஷா. “சைக்கிளத் திருப்பிக் குடுத்துரணுமா?”

அடுத்த வாரம் ஆசிரியை போன் செய்தார். குறைநீக்கல் வகுப்பில் ஓர் இடம் இருக்கிறதாம். பெற்றோர் சம்மதித்தால் கவிஷாவைச் சேர்க்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவில்லையென்றால் காத்திருக்கும் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வீட்டுக்காரரிடம் சொன்னதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“என்னாது, கொறையா? எம் பிள்ளைக்கு என்னா கொற? அதுல போட்டா சாவுற வரைக்கும் மண்டுன்னு முத்திர குத்திருவானுங்க. நீ சரின்னு சொல்லிப் பாரு.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “தாய் எப்படியோ அப்படித்தான வரும்.”

வியாழக்கிழமை வரைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. கடையில் ஒரே புடவையைத் திரும்பத் திரும்ப மடித்தேன். அன்று மாலை, பூட்டிய இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றார்.

“கோவமா இருந்தா இரு. கோவத்தோடயே பேசு. அந்த வகுப்புல பிள்ளைங்கள என்னா செய்வாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்னா செய்வாங்க?”

நான் கதவுப் பூட்டை நோண்டினேன்.

“எனக்கும் தெரியாது. நாளைக்கு லீவு எடுத்திருக்கேன். கெளம்பி இரு.”

“அவருக்குத் தெரிஞ்சா கொன்னுருவாருக்கா.”

“கேக்கத்தான போறோம். கேட்டா கொறஞ்சா போயிருவோம்?”

மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை கவிஷாவையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி, எங்களை அலுவலக வாசலில் உட்கார வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். சரிதான், கொண்டுவந்து விட்டுவிட்டு நழுவிவிட்டார் என்று நினைத்தேன். முகம் கழுவலாம் என்று கழிப்பறைக்குப் போனேன்.

அக்கா அங்கே இருந்தார். கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வாந்தி எடுத்திருந்தார். பக்கத்தில் தைலப் புட்டி திறந்து கிடந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கப்பல்காரரையே கேள்வி கேட்டவர்! மைக் முன்னால் நின்ற தலைமையாசிரியரை மடக்கியவர்!

“அக்கா, ஒடம்பு முடியலயா?”

“ஒன்னும் இல்ல லா. எப்பவும் இப்படித்தான்.” வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “கேக்கறதுக்கு முன்னால ஒரு வாட்டி வந்துட்டா அப்பறம் சரியாயிரும்.”

“எப்பவுமா? அன்னைக்கு மண்டபத்துலயும்?”

“மண்டபத்துலதான் ரொம்ப.”

அந்த ஈர முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஃபெரியில் வந்த தைல வாசம் நினைவுக்கு வந்தது.

“பின்ன எதுக்குக்கா இவ்ளோ பயந்துகிட்டு கேக்கறீங்க? பேசாம இருந்துட்டுப் போகலாம்ல?”

அக்கா முகத்தைத் துடைத்தார். கண்ணாடியைப் பார்த்தே பேசினார். “பேசாம இருந்து பாத்துட்டேன்மா. புதுமுக வகுப்புல ஒருநாள் அவசரமா வெளிய போகணும். மலாய்ல கேக்கணும். தப்பாக் கேட்டா சிரிப்பாங்கன்னு வாய மூடிக்கிட்டே உக்காந்திருந்தேன். பதிமூனு வயசுப் பொண்ணு, பாவாடையோட நாற்காலியெல்லாம் நனஞ்சி போச்சி. அப்ப சிரிச்சாங்க பாரு…” அவரும் கொஞ்சம் சிரித்தார். “மறுநாள் போகல. அப்பறம் போகவே இல்ல. அதான். எம் பையன் அப்படி ஒரு நாற்காலில உக்காரக் கூடாது.”

தைலப் புட்டியை மூடி என்னிடம் நீட்டினார். “நெத்தில தடவிக்க. ஒன் மூஞ்சி என்னுதவிட மோசமா இருக்கு.”

உள்ளே ஆசிரியை மேசைக்கு அந்தப் பக்கமும், நாங்கள் இந்தப் பக்கமும். கவிஷா என் முழங்காலை ஒட்டி நின்றாள். ஆசிரியை பேசத் தொடங்கினார். அடிப்படைத் திறன் என்றார், எழுத்தறிவு என்றார், ஏதோ மலாய்ப் பெயர் சொன்னார். என் தலை தானாக ஆடத் தொடங்கியது. அக்கா இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை மீன் கடை ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. என் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவள் நான்.

“டீச்சர்,” என்றேன். “எனக்கு… எனக்குத் தெரியாது. நீங்க சொல்றது ஒன்னுமே எனக்கு வெளங்கல. அந்த வகுப்புல எம் பிள்ளைய என்னா செய்வாங்க? மண்டுன்னு முத்திர குத்திருவாங்களா?”

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். அவர் பதில் சொல்வதற்குள் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“எனக்கும் தெரியாது டீச்சர்.”

கவிஷா. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள் என்று பெயர் வாங்கியவள்.

“எனக்கு எழுத்து தெரியாது. லோகேஷ் படிக்கறதக் கேட்டுச் சொல்லுவேன். படம் இருந்தா சொல்லுவேன்.”

ஆசிரியையின் முகம் வெளுத்துப்போனது. “ஏம்மா இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?” என்றார். கேட்டது கவிஷாவை. பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதுபோல எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பெரிய சொற்களை விட்டுவிட்டுப் பேசினார். சில பிள்ளைகள் மட்டும் இருக்கும் சின்ன வகுப்பு. தமிழும் மலாயும் எழுத்து எழுத்தாக, மணலில் எழுதி, தொட்டுப் பார்த்து, முதலிலிருந்து. வாசிக்க வந்துவிட்டால் திரும்பி வந்துவிடலாம். முத்திரை எதுவும் இல்லை. “வீட்டுல நான் என்னா செய்யட்டும்? எனக்குப் படிப்பு இல்ல,” என்றேன். அதைச் சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை.

“படிப்பு வேணாம்மா. அவ வாசிக்கும்போது பக்கத்துல இருங்க. தடுக்குனா பொறுங்க, நீங்களே எடுத்துக் குடுத்துறாதீங்க. ரோட்டுல, கடையில எழுத்து கண்ணுல பட்டா இது என்னான்னு கேளுங்க. தெரியாதுன்னு சொன்னா திட்டாதீங்க.”

சம்மதித்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பவரை எதிர்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. சாயங்காலங்களில் கவிஷாவைக் கடைத்தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போனேன். சூலியா தெருவில் ஒவ்வொரு கடைப் பலகை முன்னாலும் நின்றோம். “இது என்னா?” “தெரியாது.” “எனக்கும் சரியாத் தெரியல, பாப்போம் வா.” நாணயமாற்றுக் கடைக்காரர் ஒருவர், அம்மாவும் மகளும் எதையோ தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். வீட்டில் புத்தகத்தின் படங்களைத் தாள் வைத்து மறைத்தோம். அவள் அழுதாள், நானும் சில நாள் அழுதேன். சைக்கிளில் தூசி படிந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

அக்கா புக்கிட் மெர்தாஜாமுக்கு வீடு மாறிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது இது. கவிஷாவை ஒருவழியாக மனம் மாற்றி, அக்காதான் சைக்கிளைத் துடைத்து, கீழே இறக்கிக் கொண்டுபோய் ஓட்ட வைத்தார். இருட்டுவதற்குள் திரும்பினோம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாங்கள் போகும்போது அது இல்லை. நான் பார்க்காமல் வழக்கம்போலப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

“ரோ…” என்றாள் கவிஷா.

திரும்பினேன்.

“ரோ… சா… ரோசாக்.” விரல் தாளின் மேல் ஊர்ந்தது. “அம்மா, லிஃப்ட்டு ரோசாக். கெட்டுப்போச்சு.”

தாளில் படம் எதுவும் இல்லை. வெறும் எழுத்து. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கைப்பிடி என் கையிலிருந்து நழுவிச் சுவரில் மோதியது. அக்கா, காய்கறி இருந்த பாசார் பையைத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“எப்ப சரி பண்ணுவாங்களாம்? அதுல போட்டிருக்கா பாரு.”

கவிஷா தாளை இன்னொரு முறை, மேலிருந்து கீழ்வரை, மெதுவாகப் பார்த்தாள். பிறகு மாடிப்படி முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, வெட்கமே இல்லாமல் சொன்னாள்.

“எனக்குத் தெரியாது! ஃப்ளாட் ஆஃபீஸ்ல போயி கேப்போம், வாங்க!”

சொல்லிவிட்டு முன்னால் ஓடினாள். அக்கா இடுப்பிலிருந்து தைலப் புட்டியை எடுத்தபடி அவள் பின்னால் நடந்தார். நான் சைக்கிளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன்.